அரை மணி நேர டிவிப் புகழும் ஒரு பழைய சாதரும்

ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், மீடியா பிளானிங் என்றால் என்ன என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எந்த சேனலில் எந்த நேரத்துக்கு என்ன விலை என்பதையெல்லாம் உங்கள் லேப்டாப் என்னைவிட ஒழுங்காகச் சொல்லும். நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவள். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுகிறேன். ஒரு சின்ன வியாபாரி போனைத் தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நம் ஆபீஸ் படி ஏறி வந்து, "மேடம், என்னை டிவியில கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்வார். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் கத்துவேன். அதைத்தான் வருடக்கணக்காகச் செய்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. இங்கே பம்பாயில், செம்பூரில் பல் டாக்டர் ஒருவர், மாட்டுங்காவில் அப்பளம் போடும் தம்பதி, தேவ்நாரில் தண்ணீர் கேன் சப்ளை செய்பவர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து, அதே கதையைச் சொன்னார்கள். ஒரு பெண் போன் செய்வாள். குரலில் தேன் சொட்டும். 'உங்கள் சாதனையைக் கேள்விப்பட்டோம். எங்கள் நிகழ்ச்சிக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்பாள். ஒரு காலத்தில் சீரியலில் நடித்த அம்மாள் பேட்டி எடுப்பாள், கடைசியில் கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்றும் உண்டு. எல்லாம் பேசி, இவர் மனைவியிடமும் மச்சானிடமும் சொல்லி முடித்த பிறகு, 'சார், ஒரு சின்ன பார்ட்டிசிபேஷன் சார்ஜ்' என்பாள். ஏன் ஐயா, அவர்கள் உம்மைத் தேர்ந்தெடுத்தார்களா, உம் பர்ஸைத் தேர்ந்தெடுத்தார்களா? இதைக் கேட்டால் நம்மிடம் கோபித்துக்கொள்வார்கள். அவளிடம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் தலைமேல் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். தன் பெயர் எதிலும் வருவது அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் போடவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காப்பி குடிக்கக் கூட்டிப்போய் ஒன்று சொன்னார். "பேட்டி எடுக்கறவனே பில்லும் குடுத்தான்னா, அவன் பத்திரிகைக்காரன் இல்லே, நம்ம மாதிரி ஸ்லாட், அதான் டிவி நேரம், விக்கறவன். விக்கறவன்கிட்டே போய் நியாயம் பேசாதே. அவனுக்கு எது நஷ்டம்னு தெரிஞ்சுண்டு அப்புறமா வாயைத் திற." முதல் பாதி எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இரண்டாம் பாதி புரிய காஜா பாய் வர வேண்டியிருந்தது.

காஜா பாய்க்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம். தாராவியில் இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடியில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருக்கிறார். எங்கள் ஏஜென்சிக்கு தீபாவளிப் பரிசுப் பைகள் தைத்துக் கொடுக்க வந்து பழக்கமானவர். யார் பை கேட்டுப் போனாலும் அவருடைய முதல் கேள்வி, "லேபிள் என்ன போடணும்?" என்பதுதான். ஏனென்றால் அவர் தைக்கும் எந்தப் பையிலும் அவர் பெயர் இருக்காது. பரேல் பக்கம் ஒரு பெரிய கம்பெனி வருடம் முழுக்க ஆர்டர் கொடுக்கிறது. அவர்களுடைய லேபிள் ஏறியதும் அதே பை மாலின் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்து விலை சொல்லும். கம்பெனிக்கு ஒரே நிபந்தனை. எங்கே தைக்கப்படுகிறது என்று வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. அடுத்த சந்தில் ஒருவருடைய மருமகன் விளையாட்டாக ஒரு போட்டோவை நெட்டில் போட்டான். அந்த வாரமே ஆர்டர் நின்றுபோனது. மெஷின்களை விற்றுவிட்டு அந்த மனிதர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

அதனால் அந்தக் கார்கானாக்களில் ஒரு வழக்கம் உண்டு. மூலையில் ஒரு பழைய சாதர் மடித்து வைத்திருப்பார்கள், கட்டிலில் விரிக்கும் சாதாரண விரிப்புதான். ஏணியில் வெளியாள் செருப்புச் சத்தம் கேட்டதுமே யாராவது ஒருவர் அதை எடுத்து லேபிள் போட்ட சரக்கின் மேல் வீசிவிடுவார்கள். பேச்சு நிற்காது, மெஷினும் நிற்காது, சாதர் மட்டும் பறந்து வந்து விழும். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கே அந்த மரியாதைதான். சாதருக்கு அடியில் யாருடைய லேபிள் என்று எனக்கு ஊகம் உண்டு, ஆனால் நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு மத்தியானம் காஜா பாய் ஆபீசுக்கு வந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசனை.

"மேடம், ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கணும்லா. பெருசா. நைன்ட்டி ஃபீட் ரோட்டு முக்குல வைக்கப் போறேன். டிவியில என்னைய காட்டப் போறாவ!"

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. "காசு குடுத்தேளா பாய்?"

"பாதி குடுத்தாச்சு. மீதிய போடுததுக்கு முன்னாடி குடுக்கணும். மொத்தம் எவ்வளவுன்னா..."

"சொல்லாதீங்கோ. எனக்கு பிபி ஏறும்."

"என்ன மேடம் இப்படிச் சொல்லுதிய? ரெண்டு கேமரா, லைட்டு, ஒரு வேன். எங்க சந்துக்குள்ள வேன் வரலன்னு எல்லாத்தையும் தலையில தூக்கிட்டு வந்தாவ. இந்தாங்க, விளம்பரம் அனுப்பியிருக்காவ, பாருங்க."

போனை நீட்டினார். இசை அதிர, கோட்டுப் போட்ட காஜா பாய் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த உடம்புக்கு அந்தக் கோட்டு கொஞ்சம் பெரிது. சிரிப்பு வந்தது. அடுத்த நொடி போனுக்கு அருகே குனிந்து உற்றுப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையப் பைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பரேல் கம்பெனியின் லேபிள் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"பாய், சாதர் எங்கே?" என்றேன்.

அவர் போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த அத்தனை சந்தோஷமும் வடிந்துபோவதைக் கண்ணால் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேமராக்காரன் சொன்னான் மேடம். துணி அழுக்கா இருக்கு, படத்துல அசிங்கமாத் தெரியும், எடுங்கன்னான். எடுத்துட்டேன். வெளியாள் வந்தாத்தான மூடுவோம்? இவ்வோ நான் கூட்டிட்டு வந்த விருந்தாளில்லா?"

என்னத்தைச் சொல்ல! வருடக்கணக்கில் காப்பி வாங்கிக் கொடுத்துப் பழகிய எனக்கு சாதர். நேற்று போன் போட்டவர்களுக்குத் திறந்த அலமாரி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"இதை யாருக்காவது அனுப்பினேளா?"

"ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கேன்."

"கம்பெனி ஆளோட நம்பர் உங்க போன்ல இருக்கா?"

"இருக்காமலா? அவருதான சரக்கு பாக்க வருவாரு."

"எடுங்கோ முதல்ல! இப்பவே எடுங்கோ!"

அவருக்கு எங்கே தட்டுவது என்று தெரியவில்லை. எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த ரோகிணி போனை வாங்கி அழித்தாள். கம்பெனி ஆள் அதற்குள் பார்த்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. காஜா பாய் தண்ணீர் கேட்டார். கார்கானாவில் பதினைந்து இருபது பேர், பாதிப் பேர் அவருடைய ஊர்க்காரர்கள், அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்குகிறவர்கள். அந்த ஒரு ஆர்டர் போனால் எல்லோரும் ரயில் ஏற வேண்டியதுதான். இதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

ரோகிணி கொதித்துப்போனாள். சேனல் பெயரைப் போட்டு, இவர்கள் காசு பிடுங்கும் கும்பல் என்று ட்வீட் போடலாம், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள். அவள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்ய என் கையும் துறுதுறுத்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எதைப் பார்ப்பார்கள்? அந்த விளம்பரத்தைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். யாரும் பார்க்காத நிகழ்ச்சியை ஊரே பார்க்கும்படி செய்த புண்ணியம் நமக்கு வரும். ரோகிணியை உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன். கோபத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பது இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை, யாரும் உங்களுக்கு அதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

"மீதியைக் குடுக்காதீங்கோ பாய். குடுக்கலேன்னா போட மாட்டா. முடிஞ்சது கதை."

"குடுக்கேன்னு வாக்கு குடுத்துட்டேன் மேடம். அவ்வோ வந்து வேலை செஞ்சிட்டாவ. கூலிய நிறுத்த முடியாது."

"அது கூலியா? உங்களை ஏமாத்தினவா!"

"அவ்வோ எப்படின்னு அவ்வோளுக்கும் அல்லாஹ்வுக்கும். நான் யாரு கூலியவும் நிறுத்தினது இல்ல."

இந்த மாதிரி நியாயஸ்தர்களோடு வேலை செய்வது இருக்கிறதே, போதும்டா சாமி. அயோக்கியனைக்கூட வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். இன்னொன்றும் எனக்கு அப்போது புரியவில்லை. கூலி மட்டும்தான் காரணமென்றால் அவர் குரல் அப்படித் தழுதழுத்திருக்காது. நிகழ்ச்சி வராமலே போவதில் அவருக்கு மனமில்லை. இவ்வளவு ஆபத்துக்குப் பிறகும் டிவி ஆசையா என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நானும் காஜா பாயும் அந்தேரியில் அந்த நிகழ்ச்சிக்காரர்களின் ஆபீசுக்குப் போனோம். போகும் வழியில் டாக்ஸியில் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நீங்க வாயே திறக்கப்படாது. லேபிள் தெரிஞ்சா உங்க ஆர்டர் போயிடும்னு அவாளுக்குத் தெரியவே கூடாது." தெரிந்தால் என்ன ஆகும்? மறைக்க ஒரு சார்ஜ், பிறகு மறைத்ததை ரகசியமாக வைத்திருக்க ஒரு சார்ஜ். ஆயுசு முழுக்க பில் வரும்.

போனில் பேசிய பெண்ணின் பெயர் பல்லவி. சின்னப் பெண், நல்ல களை. சுவர் முழுக்கக் கேடயம் வாங்கியவர்களின் படங்கள். "அரே சார், வாங்க வாங்க!" என்று ஹிந்தியில் உபசரித்தாள். கொஞ்சம் மாற்றம் வேண்டும் என்று நான் ஆரம்பித்ததுமே அவள் முகத்தில் கதவு சாத்தியது. எடிட்டிங் முடிந்துவிட்டது, மாற்றினால் தனி சார்ஜ், நிறுத்தவே முடியாது, கொடுத்த பணம் திரும்ப வராது. ஒப்பித்துக்கொண்டே போனாள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. என் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணுக்கு என்ன திமிர் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் பழைய காப்பிக்கடைப் பேச்சு ஞாபகம் வந்தது. இவளுக்கு எது நஷ்டம்?

"இதில் உங்களுக்கும் நல்லது இருக்கிறது பல்லவி" என்றேன். "நானும் ஸ்லாட் வாங்கி விற்கிற பொம்பளை. நிகழ்ச்சி முழுக்க அலமாரியில் ஒரு பெரிய பிராண்டின் பெயர் தெரிகிறதே, அவர்கள் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?"

அவள் விழித்தாள். "யார்? எந்த பிராண்ட்?"

"அரை மணி நேரம் அவர்கள் பெயர் ஓடப் போகிறது. இந்த மனிதர் காசு கொடுத்துவிட்டு முன்னால் நிற்கிறார், காசு கொடுக்காதவன் பின்னால் ஓசியில் விளம்பரம் செய்துகொள்கிறான். உங்கள் முதலாளி பார்த்தால் கேட்க மாட்டாரா?"

பல்லவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கொள்ளை போன வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டாள். அங்கேயே எங்கள் எதிரிலேயே எடிட்டருக்குப் போன் போட்டாள். "எல்லாத்தையும் ப்ளர் பண்ணு! இப்பவே! காசு குடுக்காதவன் பேரு ஒண்ணுகூட ஃப்ரேம்ல தெரியக் கூடாது! ப்ரோமோவையும் மாத்து!" தனி சார்ஜ் பேச்சே எடுக்கவில்லை. எங்களுக்கு டீ வேறு வந்தது.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கீழே இறங்கியதும் காஜா பாய் நடைபாதையில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்க புள்ளைங்க வயித்துல பால வார்த்துட்டிய மேடம்" என்றார். பிறகு நேரே பேங்குக்குப் போய் மீதிப் பணத்தை அனுப்பிவிட்டார். அதற்கு நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பால்காரர் வரும் நேரத்துக்கு நிகழ்ச்சி. அந்த நேரத்தில் டிவி பார்ப்பது யார்? யோகா செய்கிறவர்களும் தூக்கம் வராதவர்களும்தான். அதனால்தான் அந்த நேரம் மலிவு, மலிவாக வாங்கி இவரிடம் விற்றிருக்கிறார்கள். இருந்தாலும் வற்புறுத்திக் கூப்பிட்டாரே என்று போனேன். சின்ன அறையில் கார்கானா ஆட்கள் எல்லோரும் குளித்துத் தலை வாரி உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி ரஹ்மத், எல்லோருக்கும் சேமியா செய்து வைத்திருந்தார். மேலப்பாளையத்தில் காஜா பாயின் காக்காவும், அதாவது அண்ணனும், டிவியைப் போட்டுவிட்டு போனில் காத்திருந்தார். தம்பி பம்பாயில் யாரிடமோ கூலிக்குத் தைக்கிறான் என்றுதான் அந்த அண்ணன் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நிகழ்ச்சி வந்தது. கோட்டுப் போட்ட காஜா பாய் தெளிவாக இருந்தார். கீழே அவர் பெயரும் ஓடியது. மற்றதெல்லாம் பனி மூட்டம். அலமாரி ஒரு சாம்பல் திட்டு, மேஜை இன்னொரு திட்டு, மூலைக்கு மூலை குட்டித் திட்டுகள். எடிட்டர் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தான். கடைசியில் அந்த நடிகை அம்மாள் கேடயத்தை நீட்ட, காஜா பாய் கீழே குனிந்து ஒரு பையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவர் கையிலும் ஒரு திட்டுதான் இருந்தது. அவர் ஏதோ சொன்னார், அதன்மேல் இசையைப் போட்டு மூடிவிட்டார்கள்.

"அட, டிவிக்காரனும் நம்ம சாதரத்தான் போத்தியிருக்கான்!" என்றார் ரஹ்மத். அறையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஆர்டர் பிழைத்தது என்ற நிம்மதிச் சிரிப்பு அது. காஜா பாய் மட்டும் சிரிக்கவில்லை. போனில் அண்ணன், "என்னலே தூக்கிக் காட்டுன? ஒண்ணும் வெளங்கலயே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவர், "சும்மாதான் காக்கா, ஒரு பை" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கம்பெனி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது. என் வேலை முடிந்தது, வெற்றி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த 'சும்மாதான் காக்கா' என்னவோ செய்துகொண்டே இருந்தது. அடுத்த வாரம் வேறு வேலையாகத் தாராவி போனவள், ஏணி ஏறினேன். வழக்கம்போல சாதர் பறந்து வந்து சரக்கின் மேல் விழுந்தது.

"அன்னிக்கு என்ன பாய் தூக்கிக் காட்டினேள்?"

அவர் முதலில் மழுப்பினார். பிறகு மேலே இருந்த பெட்டியிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்து, போர்த்தியிருந்த அந்த சாதருக்கு மேலேயே வைத்தார். பழுப்பு நிறத் தோள் பை. தையல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. முன்பக்கம் தோலில் அழுத்திப் பதித்த எழுத்து, தமிழில், 'காஜா'.

"டிவிக்குன்னே அச்சு வெட்டச் சொல்லி, எங்கையாலயே தச்சேன் மேடம். ஒண்ணே ஒண்ணு."

எடிட்டருக்குத் தமிழ் தெரியாது. தெரியாத ஏதோ பெயர், காசு கொடுக்காதவனாக இருக்கும் என்று அதையும் மூடிவிட்டான். காசு கொடுத்தவரே அவர்தான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. பல்லவியை அவனிடம் அப்படிச் சொல்ல வைத்ததே நான்தானே.

"உங்க பேர்தான் கீழே ஓடித்தே பாய்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அது யாருக்கும் போடுவாவ மேடம். பை மேல எம் பேரு இருக்கத காக்கா பாக்கணும்னுதான் எல்லாமே."

"இதை ஏன் எங்கிட்டே முன்னாடியே சொல்லலே? சொல்லியிருந்தா இந்த ஒண்ணை விட்டு வைக்கச் சொல்லியிருப்பேனே!"

"நீங்க சாதர் எங்கன்னுதான கேட்டிய" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

டிவி ஆசை பிடித்த மனிதர் என்று வாடிக்கையாளரைத் திட்டுவதற்கு முன்னால், அந்த அரை மணியில் எதைக் காட்ட ஆசைப்பட்டார் என்று தயவு செய்து கேளுங்கள், பிள்ளைகளே. கேட்க ஒரு நிமிஷம் போதும். நான் கேட்கவில்லை. பல்லவி மாதிரி ஆட்கள் கேட்காமலே அதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

அந்தப் பையை எனக்குக் கொடுக்கச் சொன்னேன். சும்மா கொடுக்கிறேன் என்றார், முடியாது, விலைக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். கடைசியில் ஒப்புக்கொண்டு, பையை எடுத்துத் தூசி தட்டி, வாரை இழுத்துப் பார்த்து, எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில், "லேபிள் என்ன போடணும் மேடம்?" என்றார். கேட்ட பிறகுதான் அதில் ஏற்கெனவே பெயர் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.